அரிய பொருள் யாருடையது?

புதிதாகக் கார் வாங்கும் எம்மவர் அதை முதலில் ஆலயத்துக்குக் கொண்டுவந்து வாகன பூசை செய்விப்பது வழக்கம். குருக்கள் சந்தனமும் குங்குமமும் சாத்தித் தேங்காய் உடைப்பார். சில்லுகளின் கீழ் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்க வண்டி முன்னே நகரும்போது குடும்பமே கைகூப்பி நிற்கும். இந்தக் காட்சி மாறவில்லை, வண்டிகள்தாம் மாறிவிட்டன. 2024ஆம் ஆண்டில் நோர்வேயில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 88.9 மின்சாரக் கார்கள். இப்போது பூசைக்கு வருபவை அனேகமாகச் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்விடுகின்றன.

அந்த வரிசையில் 1964இல் செய்யப்பட்ட எனது ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஏ60 போய் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் ஓடிவருவார்கள். வயதானவர்கள் கதவைத் திறந்து பின்னாசனத்தில் ஒருமுறை இருந்து பார்ப்பார்கள். "தம்பி, எங்கட பெரியப்பா இதிலதான் மாப்பிள்ளையாகப் போனவர்" என்று ஒருவர் கண்கலங்குவார். கடைசியில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணை, இது இந்த நாட்டில இன்னும் எத்தினை இருக்கும்?" எனக்குத் தெரிந்து ஓடுபவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் என்று நான் பதில் சொல்வேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழும். அந்த மகிழ்ச்சி எதனால் ஆனது என்று பல வருடங்களாக நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்த சம்பவத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழில் அருமை என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. எளிதில் கிடைக்காதது, செய்வதற்குக் கடினமானது, மிகவும் நல்லது. மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருப்பதால் நாமும் மூன்றையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். கிடைக்காதது என்றால் அது நல்லதாகத்தான் இருக்கவேண்டும் என்று மனம் முடிவுகட்டுகிறது. எனது காரை எடுத்துக்கொண்டால், அது செய்யப்பட்ட காலத்தில் அது அரியதும் அல்ல, விசேடமானதும் அல்ல. பினின் ஃபரீனா என்ற இத்தாலியர் வரைந்த உடல், பின்பக்கம் மீன்செட்டை போன்ற இரண்டு மேடு, 1622 சிசி எஞ்சின். 1961 முதல் 1969 வரை இங்கிலாந்தில் சாதாரண குடும்பங்களுக்கென்று செய்து தள்ளப்பட்ட வண்டி. இதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 1489 சிசி எஞ்சின்தான் இந்தியாவின் அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்தது. அந்த வகையில் கேம்பிறிஜ்ஜும் அம்பாசடரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். 2014இல் உற்பத்தி நிற்கும் வரை சென்னையிலோ கல்கத்தாவிலோ ஒருவர் அம்பாசடரைக் காட்டிப் பெருமைப்பட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அதே அம்பாசடர் ஒஸ்லோவில் கார்ல் யூகான் வீதியில் வந்து நின்றால் கூட்டம் கூடும். வண்டி ஒன்றுதான், இடம்தான் வேறு.

வீதியில் காண அரிதாக இருப்பது வண்டியின் குணம் அல்ல. அதைச் சுற்றியுள்ள மற்ற வண்டிகளுக்கு என்ன நடந்தது என்பதன் கணக்கு அது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு வேறு விதமாக ஓடியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இருந்ததை வைத்தே ஓட்டவேண்டும். ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிஜ் எல்லாம் அப்படித்தான் எங்கள் சந்திகளில் ஹயர் கார்களாக நின்று நிலைத்தன. 1977க்குப் பின் கொழும்புக்கு யப்பான் கார்கள் வந்து குவிந்தன. யாழ்ப்பாணத்துக்கு அதன் பின் வந்தது யுத்தம். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது இந்தக் கிழட்டுக் கார்கள்தாம் ஓடின. எஞ்சினுக்குள் அமுக்கம் குறைவு என்பதால் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் போகிறவன் புகையில் அழுதுகொண்டு போவான். உலகம் முழுவதும் நூதனசாலைக்குப் போய்க்கொண்டிருந்த கார்கள், எங்கள் ஊரில் பிள்ளைப்பெறுவுக்கும் சாவீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே யாரும் அவற்றை அரிய கார் என்று சொல்லவில்லை.

ஐயா சுன்னாகம் சந்தியில் ஹயர் கார் ஓடியவர். 1974இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாங்கிய கேம்பிறிஜ் அவருடையது. நான் இங்கே அதே மொடலைத் தேடி 2004இல் வாங்கியதற்கு வேறு காரணம் இல்லை. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் பிளக், கொயில், டைனமோ, பழைய ஹெட்லைற் வளையங்கள் என்று ஐயா சேர்த்துவைத்த உதிரிச் சாமான்கள். தடைக் காலத்தில் அந்தப் பெட்டி தங்கத்துக்குச் சமம். ஒருநாள் இரவு, அதே சந்தியில் ஐயாவுடன் போட்டிக்குக் கார் ஓடியவர், இரண்டு வருடமாக ஐயாவுடன் முகம்கொடுத்துக் கதையாதவர், கொயில் ஒன்று கேட்டு வந்தார். இருந்தது ஒன்றே ஒன்று. ஐயா எடுத்துக் கொடுத்துவிட்டார். அம்மா சண்டை பிடித்தா. நான் அப்போது நோர்வே வந்துவிட்டேன். இது அம்மா பின்னர் கடிதத்தில் எழுதியது. ஐயா சொன்ன பதிலையும் எழுதியிருந்தா: "பெட்டிக்க கிடந்தா அது இரும்பு. ஓடினாத்தான் அது சாமான்."

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஐயா காரில் நடக்கமுடியாத நான்கு முதியவர்களை ஏற்றிக்கொண்டு, மற்றவர்கள் நடக்கும் வேகத்திலேயே மீசாலை போய்ச் சேர்ந்தார். அங்கே மண்ணெண்ணெய் முடிந்தது. காரை ஒரு மாமரத்தின் கீழ் விட்டு, அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது எஞ்சினும் இல்லை, சில்லுகளும் இல்லை. கதவுகள் கழன்று, கோது மட்டும் இருந்ததாம். அம்மா அழுதிருக்கிறா. ஐயா, "போகட்டும், ஆற்றையோ கார் ஓடியிருக்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாராம்.

இனி எனது கதைக்கு வருகிறேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், எஞ்சின் ஒரு பிரச்சினையே அல்ல. கேம்பிறிஜ் எஞ்சினின் உறவினர்கள் பல கார்களில் இருந்ததால் அதன் சாமான் இன்றும் இங்கிலாந்திலிருந்து தபாலில் வரும். பிடிபடாதவை உடலின் பாகங்கள்: கதவு, மட்காட், வெளிச்சக் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலாக முன்கண்ணாடி. அந்தக் காலத்துக் கண்ணாடிகளில் ஒரு கல் பட்டால் கீறலோடு நிற்காது, முழுதும் பொடியாகிவிடும். நோர்வே வீதியில் குளிர்காலம் முடியும்போது எவ்வளவு பொடிக்கல் கிடக்கும் என்று இங்கே கார் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே நான் வாங்கிய மறு வருடமே அலைந்து திரிந்து மேலதிகமாக இரண்டு முன்கண்ணாடிகள் தேடி வாங்கினேன். குறூருட் பள்ளத்தாக்கில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் நிலக்கீழ் அறையில், பழைய போர்வைகளால் சுற்றி, சுவரோரமாக நிறுத்தி வைத்தேன்.

2016 வசந்த காலத்தில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எண்பது வயதைத் தாண்டிய நோர்வேக்காரர், ஊர் மியோசா ஏரிப் பக்கம். பழைய கார் வைத்திருக்கும் யாரோ எனது இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவரிடமும் ஒரு ஏ60. தகப்பனோடு சேர்ந்து 1965இல் புதிதாக வாங்கியது, அந்தக் குடும்பத்தின் முதல் கார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். இன்று வீட்டுக்கு இரண்டு கார் நிற்கும் இந்த நாட்டில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தனியார் ஒருவர் புதுக் கார் வாங்க அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அதே அந்நியச் செலாவணிப் பிரச்சினைதான் இங்கேயும். அந்த முறை 1960 ஒக்டோபர் 1ஆம் திகதிதான் நீங்கியது. நோர்வே கதவைத் திறந்த காலத்தில்தான் இலங்கை கதவைச் சாத்தியிருக்கிறது. தகப்பன் பத்து வருடம் காத்திருந்து வாங்கிய கார் என்று அவர் சொன்னார். முன்கண்ணாடி உடைந்துவிட்டது. என்னிடம் ஒன்று கூடுதலாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன், என்ன விலை சொன்னாலும் சரி, கோடைக்கு முன் வேண்டும் என்றார்.

ஒன்று அல்ல, இரண்டு இருந்தன. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்கவில்லை. ஒத்திப்போட்டேன். அவர் மேலும் இரண்டு முறை எடுத்தார். ஒருமுறை வேலையில் நிற்கிறேன் என்றேன், மறுமுறை எடுக்கவேயில்லை. பொய் சொல்லவில்லை, இல்லை என்று மறுக்கவும் இல்லை. நம்மில் பலருக்குக் கைவந்த வித்தை இது. இலையுதிர் காலத்தில் அவருடைய மகள் அழைத்தார். தகப்பன் காரைக் கொடுத்துவிடத் தீர்மானித்துவிட்டார், முழுதாக வாங்க ஆளில்லை, உடைத்துப் பாகமாக விற்கிறோம், உங்களுக்கு ஏதாவது தேவையா என்று கேட்டார். நான் போனேன். இரண்டு முன்கதவுகளும் பின் வெளிச்சக் கண்ணாடிகளும் வாங்கி வந்தேன். நல்ல கதவுகள், துரு இல்லை. அந்த முதியவர் வெளியே வந்து கதவுகளை எனது வானில் ஏற்றுவதற்கு ஒரு கை பிடித்தார். கண்ணாடியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. அன்று காலையில் இருந்ததைவிட இப்போது எனது கார் இந்த நாட்டில் இன்னும் அரியதாகிவிட்டது. விலை பேசுகிறவர்களிடம் கேட்டால் மதிப்பும் கூடியிருக்கும் என்பார்கள். நான் அதற்கு ஒன்றும் செய்யவில்லை; ஒரு புது வர்ணம் கூடப் பூசவில்லை. இன்னொருவருடைய கார் வீதியை விட்டுப் போனது, அவ்வளவுதான். ஆலய முன்றலில் "ஒரு கை விரல்களுக்குள்" என்று சொல்லி நான் அனுபவித்த மகிழ்ச்சி இதனால்தான் ஆனது. ஒவ்வொரு விரலாக மடங்க மடங்கப் பெருகும் மகிழ்ச்சி அது.

இதில் குற்றம் எங்கே என்று என்னை நானே வழக்காடிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி என்னுடையது, காசு கொடுத்து வாங்கியது. பிறர் பொருளுக்கு ஆசைப்படவில்லை. ஆகவே வள்ளுவர் வெஃகாமை அதிகாரத்தில் கண்டிக்கும் ஆள் நான் அல்ல. நாளைக்கு வேண்டுமென்று எடுத்துவைப்பது சிக்கனம் என்றுதானே பெற்றோர் சொல்லித்தந்தார்கள்? இப்படி யோசிக்க யோசிக்க வழக்கு எனக்குச் சார்பாகவே போகும். ஒரே இடத்தில் இடறும். கடையில் இரண்டு பைக்கற் உப்பு வாங்கினால் எனது இரண்டாவது பைக்கற்றால் யாருக்கும் குறை இல்லை. நாளைக்குக் கடைக்கு இன்னும் உப்பு வரும். இனி ஒருபோதும் செய்யப்படாத ஒரு பொருளில் இரண்டாவதை நான் வைத்திருந்தால், அது வேறொருவரின் முதலாவது. செய்கை ஒன்றுதான், உலகில் எத்தனை மிச்சம் என்பதைப் பொறுத்து அதன் நிறம் மாறிவிடுகிறது. சட்டப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இது விளக்கம் சொல்லாமலே விளங்கும். பற்றறி தடைசெய்யப்பட்டு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில், அலுமாரிக்குள் பத்துப் பற்றறி வைத்திருந்தவனை ஊர் எப்படிப் பார்த்தது?

எமக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பையோடு வந்தவர்கள் நாங்கள். எதையும் எறிய மனம் வராது, இருப்பதில் இன்னொன்று வாங்கி வைக்காமல் நித்திரை வராது. எங்கள் நிலக்கீழ் அறைகளைத் திறந்து பார்த்தால் தெரியும். பாவியாத சட்டி, பெட்டி பிரியாத மின்விசிறி, யாருக்கோ அனுப்பவென்று வாங்கி அனுப்பாமல் விட்ட சப்பாத்து. எங்களோடு கூடப் பிறந்த பேராசை என்று இதைச் சொல்லமுடியாது. பயம் இது. மற்றவர்கள் இதை மன்னிப்பார்கள் என்றே நினைக்கிறேன். எனக்கு மட்டும் அந்த நியாயம் உதவவில்லை. அதே இடப்பெயர்வை நேரில் நடந்து கடந்தவர் ஐயா. நான் அதை ஒஸ்லோவில் இருந்து தொலைபேசியில் கேட்டவன். இழந்தவர் "ஆற்றையோ கார் ஓடியிருக்கும்" என்றார். இழக்காதவன் கண்ணாடியைப் போர்வையால் மூடினேன்.

ஊரில் கூரை இல்லாத வீடுகள் இருக்க இங்கே பழைய இரும்புக்குக் காசு கொட்டலாமா என்று எங்கள் இளைஞர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டதுண்டு. கேள்வி நியாயமானது. புது மின்சாரக் காருக்கு மாதம் கட்டும் காசோடு ஒப்பிட்டு நான் ஏதோ பதில் சொன்னேன். அந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. அதை வேறொரு நாள் எழுதலாம்.

அரியது எது என்று முருகன் கேட்க ஒளவையார் பதில் சொன்னதாக வழங்கும் பாடலை எங்கள் பிள்ளைகள் மேடையில் சொல்லிப் பரிசு வாங்குகிறார்கள். அந்த வரிசையில் மனிதப் பிறவி வருகிறது, கல்வி வருகிறது. கடைசியில் கொடுத்தலும் நோற்றலும் வந்து நிற்கின்றன. காணக் கிடைக்காத பொருள் எதுவும் அந்த வரிசையில் இல்லை. நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழாவில் இருபத்துநான்காம் நாள் மட்டும் தேர் வீதிக்கு வரும். அதுவும் காண அரிய வாகனம்தான். ஆனால் வேறு தேர்கள் அழிந்ததால் அதற்கு அந்த அருமை வரவில்லை. வடம் பிடிக்கும் எவரும் அது தன்னுடையது என்று சொல்வதில்லை, தன்னுடையது அல்ல என்றும் சொல்வதில்லை. எனது காருக்கு அப்படியொரு நிலை வருமா என்று நினைத்துப் பார்ப்பேன். ஒரு காரியம் மட்டும் செய்தேன்: திருமணத்துக்குக் கேட்கும் எம்மவர் பிள்ளைகளுக்கு வாடகை வாங்காமல் நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். அதிலும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

அந்த முதியவருக்கு அடுத்த வருடம் ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். பதில் வரவில்லை. வந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

சென்ற ஆண்டு சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி கதைத்தார். சிறு கராச் வைத்திருப்பவர். கலியாண ஊர்வலங்களுக்கு ஓடும் ஒரு கேம்பிறிஜ்ஜை ஏ9 வீதியில் லொறியின் பின்னால் கொண்டுவரும்போது கல் தெறித்து முன்கண்ணாடி போய்விட்டது. பிளாஸ்ரிக் தகடு வெட்டிப் போட்டு ஓடுகிறோம் அண்ணை, மழைக்கு ஒன்றும் தெரியுதில்லை என்றார். அங்கே ஸ்ரியறிங் வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். ஆனாலும் முன்கண்ணாடி இரண்டுக்கும் ஒன்றே. விலை என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கப்பல் கூலி எவ்வளவு வரும் என்று நான் கேட்டேன்.

மனைவி நிலக்கீழ் அறைக்கு வந்து, நான் மரச்சட்டம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றா. "இரண்டையும் அனுப்பப் போறீங்களோ?" என்றா. ஒன்று அந்தக் காருக்கு, மற்றது அந்தத் தம்பியின் கராச்சில் இருக்கட்டும், அங்கே இன்னும் நாலு கேம்பிறிஜ் ஓடுதாம் என்றேன்.

"அப்ப எங்கட உடைஞ்சா?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆணியைப் பிடி என்று சொன்னேன். பிடித்தா. இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையில் அந்தப் பழைய போர்வைகளையே மடித்து வைத்தோம். கொழும்புக்கு ஏழெட்டுக் கிழமை எடுக்கும் என்றார்கள். போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆவணி மாதம் தகவல் வந்தது. ஒன்று முழுதாக, மற்றதின் மூலையில் ஒரு சிறு உடைவோடு. பொருத்தலாம் என்றுதான் அந்தத் தம்பி சொல்கிறார். நான் இப்போது வைகாசி பிறந்து, வீதி கூட்டித் துப்புரவாகும் வரை காரை வெளியே எடுப்பதில்லை.